பழையதை உடைக்காத மென்பொருள்: இயங்குதளம், நிரல்மொழி, கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடிக்கப்போகிற மாணவர்களும், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் என் கருத்துகள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். அந்த அடிப்படை உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் முடிவையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

எதை வைத்து ஒரு கருவியை நல்லது என்கிறீர்கள்?

வேகம், வசதி, வேலைவாய்ப்பு எல்லாம் முக்கியம்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: பத்து வருடத்துக்கு முன்னால் இதில் எழுதியது இன்றைக்கும் ஓடுகிறதா?

ஒரு மருத்துவமனையின் பில்லிங், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் என்று எதை எடுத்தாலும், எழுதியவர் வேலை மாறிப் போய்விடுவார். நிரல் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். அடியில் இருக்கும் மொழியோ லைப்ரரியோ தன் போக்கில் மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து அந்த நிரலைத் திருத்த வேண்டும். அவ்வளவு உழைத்தும் பயனருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நேற்று ஓடியது இன்றும் ஓடும், அவ்வளவுதான். இந்தச் சுமையைப் பயனர்கள் தலையில் கட்டாமல் தாங்களே சுமக்கிற கருவிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இரண்டாவது கேள்வி, கெட்டுப்போனால் உள்ளே திறந்து பார்க்க முடியுமா என்பது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து வந்தவை.

சரி, எந்த இயங்குதளம்?

நிரல் எழுதுகிறவருக்கு லினக்ஸ். 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தக் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு கண்டிப்பான விதி உண்டு: பயனரின் நிரலை உடைக்கக் கூடாது. கெர்னலில் செய்த மாற்றத்தால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்றுபோனால், அந்த நிரலே தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் திருத்த வேண்டியது கெர்னலைத்தான்.

இன்னொன்று, நீங்கள் இதில் கற்றுக்கொள்வது வீணாவதில்லை. உரையைத் தேடவும் திருத்தவும் உதவும் கிரெப், செட், ஆக் கட்டளைகள் மூன்றும் 1970-களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக எழுதப்பட்டவை. ஒரு லாக் (log, பதிவு) கோப்பிலிருந்து பிழை வரிகளை மட்டும் பிரித்தெடுக்க இன்றும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். இந்த வருடம் கற்ற ஒரு கட்டளை ஓய்வு பெறும் வரைக்கும் கூட வரும் என்று வேறு எங்கே நம்பிச் சொல்ல முடியும்?

ஆனால் லினக்ஸ் ஆதரவாளர்கள் மறைக்கிற ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கெர்னலுக்கு இருக்கும் அந்த ஒழுக்கம் அதற்கு மேலே உள்ள அடுக்குகளுக்குக் கிடையாது. 2011-ல் க்னோம் 3 வந்தபோது, பழகிய டெஸ்க்டாப் பலருக்கும் ஒரே அப்டேட்டில் காணாமல் போனது. ஜன்னல், பொத்தான்களை வரையும் ஜிடிகே லைப்ரரியின் 2-ல் எழுதியதை 3-க்கு மாற்றி முடித்தவர்கள் மறுபடியும் 4-க்கு மாற்ற வேண்டியிருக்கிறது. புதிய கணினியில் கம்பைல் செய்த நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால் ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) பதிப்பு போதாது என்று நின்றுவிடும். அதனால்தான் சர்வரில் லினக்ஸை ஐயமில்லாமல் பரிந்துரைக்கிறேன். டெஸ்க்டாப்பில் கொஞ்சம் பொறுமையோடு பரிந்துரைக்கிறேன்.

லினக்ஸில் எந்த டிஸ்ட்ரோ (விநியோகத் தொகுப்பு)?

டெபியன் ஸ்டேபிள். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. இதன் பின்னால் விற்பனை இலக்கு வைத்த நிறுவனம் இல்லை. உலகம் முழுவதும் பரவியிருக்கும் தன்னார்வலர்கள் தங்களுக்கென எழுதிக்கொண்ட சாசனத்தின்படி நடத்துகிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும், ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், அழிக்காமலேயே அடுத்த பதிப்புக்கு ஏறலாம்.

நிறுவனம் பின்னால் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்ட்ஓஎஸ் உதாரணம். சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பலர் சர்வர்களை அமைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த ரெட் ஹேட் நிறுவனம் அதை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. எட்டு வருட அவகாசம் ஒரு வருடமாகச் சுருங்கியது.

வீட்டுக் கணினியில் முதல்முறை லினக்ஸ் போடுகிறவர் உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பில் தொடங்கலாம். இரட்டைப்படை வருடங்களின் ஏப்ரலில் வருவது அதுதான். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம், தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் அவ்வளவு மோசமா?

இல்லை. பழையதைக் காப்பாற்றுவதில் விண்டோஸ் அணியினர் செய்திருக்கும் வேலை இந்தத் துறையிலேயே பெரிய சாதனைகளில் ஒன்று. விண்டோஸ் 95 வந்த சமயத்தில் நடந்த ஒரு கதையைச் சொல்வார்கள். சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை: விடுவித்துவிட்ட மெமரியை உடனே திரும்பப் படித்தது. பழைய விண்டோஸில் அது தெரியாமல் போனது, புதியதில் விளையாட்டு சரிந்தது. மைக்ரோசாஃப்ட் அணி, சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் மெமரியை உடனே பறிக்காத ஒரு தனி ஏற்பாட்டைச் செய்தது. பிழை விளையாட்டுடையது, பழி விண்டோஸ் மேல்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவர் பார்வையில் நேற்று ஓடியது இன்றைக்கு ஓடவில்லை, அவ்வளவுதானே.

என் குறை வேறு இடத்தில். நிரல்களைக் காப்பாற்றிய அதே நிறுவனம் கணினிகளைக் கைவிடுகிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் குறிப்பிட்ட வகை பிராசசரும் வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடுகிற எத்தனையோ மடிக்கணினிகள் இந்த ஒரு காரணத்தால் பழசு ஆகிவிட்டன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். டெபியன் போட்டு, நிரல் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

அலுவலகத்தில் விண்டோஸ்தான் கொடுப்பார்கள் என்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல்.

மேக்?

2020-ல் எம்1 சிப் வந்தபிறகு மடிக்கணினி வன்பொருளில் ஆப்பிள் மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறது. பேட்டரி நீடிக்கிறது, சூடாவதில்லை, உள்ளே யூனிக்ஸ். பணம் இருந்தால் வாங்குங்கள்.

ஆனால் ஆப்பிள் பழையதைச் சுமக்காது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பவர்பிசி (ஆப்பிளின் பழைய பிராசசர்) நிரல்களுக்கான ஆதரவை 2011-ல் எடுத்தார்கள். 32 பிட் நிரல்களை 2019-ல் கேட்டலினாவோடு ஒரேயடியாக நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும் இசைக் கருவியும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை.

முதலில் எந்த மொழி படிப்பது?

பைத்தான், அப்புறம் சி. பைத்தானில் முதல் நாளே பயனுள்ள ஒன்றைச் செய்துவிடலாம். அந்தச் சந்தோஷம் ஆரம்பத்தில் ரொம்பத் தேவை. சி படித்தால் மெமரி என்றால் என்ன, ஒரு எண் எத்தனை பைட் பிடிக்கும், ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆறு மாதம் சி எழுதியவர் எந்த மொழிக்குப் போனாலும் அடியில் நடப்பதை ஊகித்துவிடுவார்.

ஒரே ஒரு வேண்டுகோள்: டர்போ சி++ வேண்டாம். நம் ஊரில் இன்னமும் சில ஆய்வகங்களில் அந்த நீலத் திரை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டாஸுக்காக வந்த கம்பைலர் அது. சி++ மொழிக்கு முதல் தரநிலையே 1998-ல்தான் வந்தது. டர்போவில் ஒரு முழு எண் 16 பிட்தான், 32,767-க்கு மேல் போனால் மைனஸுக்குத் தாவும். ஃபேக்டோரியல் எழுதச் சொன்னால் 8-க்கே விடை தப்பாக வருகிறது, மாணவர் தன் லாஜிக்கைச் சந்தேகிக்கிறார். பழையதை மதிப்பது என்றால் பழைய கருவியிலேயே தங்கிவிடுவது என்று நான் சொல்லவில்லை. 1989-ன் சி தரநிலைப்படி ஒழுங்காக எழுதிய நிரலை இன்றைய ஜிசிசி கம்பைலரிடம் கொடுங்கள், ஏற்றுக்கொள்ளும். இன்றைய கம்பைலரில் பழைய நிரல் ஓடுவதுதான் நான் பாராட்டுகிற விஷயம்.

பைத்தான் மேல் உங்களுக்கு ஏதோ கோபம் என்கிறார்களே?

கோபம் இல்லை. தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2-லிருந்து 3-க்குப் போன விதம் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவை 2015-ல் முடிப்பதாக இருந்தார்கள், மக்கள் நகராததால் 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். பதினோரு வருடம் ஒரு சமூகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மாற்றத்தின் நோக்கம் நல்லது. சரங்கள் எல்லாம் யூனிகோட் ஆனதால் அதிகம் பலனடைந்தவர்களில் தமிழில் எழுதுகிற நாமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே இடத்தில் சேர்ந்து ஓட வழியே வைக்கவில்லை. நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரி மாறாமல் நீங்கள் மாற முடியாது. அந்த லைப்ரரியை எழுதியவரோ இன்னொருவருக்காகக் காத்திருப்பார்.

ரஸ்ட் இதையே எவ்வளவு நன்றாகச் செய்கிறது பாருங்கள். 2015, 2018, 2021, 2024 என்று பதிப்புகள் உண்டு, இலக்கண விதிகள் மாறவும் செய்கின்றன. ஆனால் 2015 பதிப்பில் எழுதிய லைப்ரரியும் 2024 பதிப்பில் எழுதிய நிரலும் ஒரே கம்பைலரில் ஒன்றாகச் சேரும். மாறுகிறவர் தன் வேகத்தில் மாறிக்கொள்ளலாம்.

பைத்தான் இன்னும் முழுதாகப் பாடம் கற்கவில்லை என்பது என் எண்ணம். 3.12-ல் டிஸ்ட்யுடில்ஸ் போனது, 3.13-ல் சிஜிஐ உட்படப் பல மாட்யூல்கள் போயின. முன்கூட்டியே அறிவித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பைப் படிக்க அந்தச் சிறு நிரலை எழுதியவர் இப்போது அங்கே இருக்க வேண்டுமே.

சி-யை விட்டு ரஸ்டுக்குப் போகலாமா?

புதிதாக எழுதுவதை ரஸ்டில் எழுதுங்கள். தங்கள் மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் மெமரியைக் கையாள்வதில் வரும் தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் பிரௌசரின் அடிப்படையான குரோமியத்தின் அணியும் தங்கள் கடுமையான பிழைகளைப் பற்றி அதே அளவைச் சொன்னது. 2014-ல் உலகத்தை உலுக்கிய ஹார்ட்பிளீட் பிழை, கேட்ட நீளத்துக்கு உண்மையில் தரவு இருக்கிறதா என்று பார்க்காமல் மெமரியைப் படித்துக் கொடுத்த ஒரு சின்னத் தவறுதான். எழுதியவர்கள் திறமைசாலிகள். கவனமாக இருந்தால் போதும் என்ற வாதத்தை அதற்கப்புறமும் ஏற்க என்னால் முடியவில்லை. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-லிருந்து கெர்னலுக்குள்ளேயே ரஸ்ட் நுழைந்துவிட்டது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சி நிரலைத் தூக்கிவிட்டு ரஸ்டில் மறுபடி எழுதக் கிளம்பாதீர்கள். பல வருடப் பிழைதிருத்தங்கள் அதற்குள் இருக்கின்றன. எது எதற்காக என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

ஜாவா பழசாகிவிட்டதா?

இல்லை, அதுதான் அதன் பலம். 1995-ல் வந்த மொழி. 2014-ல் வந்த ஜாவா 8-க்கு எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை புதிய பதிப்புகளிலும் ஓடுகின்றன. 2017-ல் ஜாவா 9 தன் உள் பகுதிகளை வெளி நிரல்கள் தொடாதபடி பூட்டியபோது சில லைப்ரரிகள் தடுமாறின. அது ஒன்றுதான் பெரிய உடைப்பு. ஜாவா 21-ல் வந்த விர்ச்சுவல் த்ரெட் வசதியைப் பழகிப் பாருங்கள். நேரான, எளிய நிரலாகவே எழுதி ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாளலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் பற்றி?

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முன்மாதிரி செய்த மொழி. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. ஆனால் மொழியை வளர்க்கிற குழு, இணையத்தை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் கெர்னல் அளவுக்குக் கண்டிப்பு. 2018-ல் அடுக்கடுக்கான பட்டியலைத் தட்டையாக்கும் ஒரு செயலுக்கு ஃப்ளாட்டன் என்று பெயர் வைக்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரியைப் பயன்படுத்திய தளங்கள் அதனால் உடையும் என்று தெரிந்தது. எல்லோரும் மறந்துபோன தளங்களுக்காகப் பெயரையே ஃப்ளாட் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

மொழி இப்படி, அதைச் சுற்றியுள்ள உலகம் நேர்மாறு. ஆங்குலர்ஜேஎஸ்-ல் எழுதியவர்களுக்கு 2016-ல் வந்த ஆங்குலர் 2 வேறு ஒரு பொருளாகவே இருந்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை ஒருவர் என்பிஎம் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுத்ததும் பேபெல் உட்பட எத்தனையோ ப்ராஜெக்ட்களின் பில்ட் நின்றது. என் ஆலோசனை: பிரௌசரில் ஏற்கெனவே இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள், பெரிய நிரலுக்கு டைப்ஸ்கிரிப்ட், பேக்கேஜ் ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன் அதற்குள் எத்தனை வரி என்று பாருங்கள்.

கோ, பிஎச்பி?

கோ: 2012 மார்ச்சில் 1.0 வந்தபோது கொடுத்த இணக்க வாக்கை இதுவரை காப்பாற்றி வருகிறார்கள். ஒரே எழுத்து நடைக்குக் கொண்டுவரும் கோஃபம்ட் கருவியால் குழுவில் இடைவெளிச் சண்டை ஒழிந்தது. சர்வர் நிரலுக்கு நல்ல தேர்வு.

பிஎச்பி: கேலி செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் ஓடுவது அதில்தான், அதை நம்பிப் பிழைக்கிற சிறு நிறுவனங்கள் நம் ஊரில் ஏராளம். 7-ம் 8-ம் வேகத்திலும் ஒழுங்கிலும் பழைய பிஎச்பி இல்லை.

ஒரு மொழி தமிழை எப்படி நடத்துகிறது என்று எப்படிச் சோதிப்பது?

இதை நம்மைவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்து அதன் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 15 பைட். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்று சொல்லும். கோவும் ரஸ்டும் 15 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் நேரடியாக 3 என்று சொல்லும். எதுவும் தப்பில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எழுதினால்தான் கோளாறு.

சில கோளாறுகள்: நேர்முகத் தேர்வில் கேட்பார்களே, சரத்தைத் திருப்பிப் போடு என்று. பைத்தானில் 'தமிழ்' என்பதை அப்படியே திருப்பினால் முதலில் ஒட்ட இடமில்லாமல் புள்ளி நிற்கும், இகரம் மகரத்தை விட்டு ழகரத்தோடு ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலில் 'சொல்' என்பதற்கான குறியைக் கொண்டு தேடினால் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டாக உடைந்து வரும், ஏனென்றால் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. தனியாக நிறுவ வேண்டிய ரெஜெக்ஸ் என்ற பேக்கேஜ் ஒழுங்காகச் செய்கிறது. டேட்டாபேஸில் ஒரு பெயருக்கு 50 பைட் என்று ஒதுக்கினால், தமிழ்ப் பெயர் 16 குறியீட்டோடு வெட்டுப்படும்.

இன்னும் நுட்பமானது ஒகரம். 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் கோப்புப் பெயர்களை வெறும் பைட்களாகப் பார்ப்பதால், ஒரே ஃபோல்டரில் 'கொடி' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்க முடியும். தேடல் எழுதுகிறவர்கள் ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். தமிழ்த் தளங்களில் இருக்கிற சொல்லைத் தேடியும் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், பைத்தான் 3-லும் ரஸ்டிலும் வைக்கலாம். கோவில் முடியாது, உயிர்க்குறிகளை அது பெயரின் பகுதியாக ஏற்பதில்லை. 'மரம்' என்று எழுதினாலே அந்தப் புள்ளியில் பிழை வரும். இவ்வளவு நல்ல மொழியில் இந்தக் குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதுவும் யுடிஎஃப்-8-ஐ 1992-ல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும்தான் கோவை உருவாக்கிய மூவரில் இருவர் என்னும்போது.

யுடிஎஃப்-8 எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், அதற்கு முன் எழுதிய ஆஸ்கி கோப்புகள் ஒன்றுகூட மாறாமல் அப்படியே சரியான யுடிஎஃப்-8 கோப்புகள். ஒரு பைட்டையும் உடைக்காமல் உலகின் எல்லா எழுத்துகளுக்கும் இடம் கொடுத்தார்கள். டெர்மினல்கள்தான் இன்னும் பின்தங்கி இருக்கின்றன. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற பழைய கணக்கில் நம் எழுத்து அடங்காததால், பெரும்பாலானவற்றில் தமிழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிதறுகிறது.

எந்த எடிட்டர்?

விஎஸ் கோட் போதும். 2015-ல் வந்தது. அதைவிட முக்கியமாக, 2016-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லேங்வேஜ் சர்வர் நெறிமுறையால் ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதிய உதவி எல்லா எடிட்டருக்கும் கிடைக்கிறது. தரவு சேகரிப்பு பிடிக்காதவர்கள் அதே மூலநிரலில் இருந்து கட்டப்பட்ட விஎஸ்கோடியம் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் விம் என்ற டெர்மினல் எடிட்டரின் அடிப்படையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு சர்வருக்குள் எஸ்எஸ்எச்-ல் நுழையும்போது அங்கே பெரும்பாலும் விம்மின் மூதாதையான விஐ இருக்கும், வேறு எதுவும் இருக்கும் என்று உறுதி இல்லை. பில் ஜாய் 1976-ல் தொடங்கிய அந்த விசைகள் இன்றும் அதே விசைகள். பிரம் மூலனார் 1991-ல் விம்மை வெளியிட்டு, 2023-ல் காலமாகும் வரை அதைப் பேணி வந்தார். பிடித்திருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பது அவர் பயனர்களிடம் வைத்த வேண்டுகோள். விம்மைத் திறந்தால் இன்றும் அந்த வரியைப் பார்க்கலாம். மாறாக கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் எடிட்டரில் வருடக்கணக்கில் பழகியவர்கள் 2022 டிசம்பரில் அது மூடப்பட்டபோது எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பிரிண்ட் போட்டுப் பிழை தேடுவது தவறா?

தவறே இல்லை. ஆனால் டிபக்கரையும் எஸ்ட்ரேஸையும் பழகுங்கள். ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது என்பதை, மூலநிரல் கையில் இல்லாவிட்டாலும் எஸ்ட்ரேஸ் காட்டிவிடும்.

கிட் ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது?

கட்டளைகள் குழப்பம், உள் அமைப்பு தெளிவு. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்க லினக்ஸ் அணி பயன்படுத்திய பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் 2005-ல் திரும்பப் பெறப்பட்டபோது டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதியது கிட். செக்அவுட் என்ற ஒரே கட்டளை கிளை மாற்றவும் செய்யும், கோப்பில் செய்த திருத்தத்தை அழிக்கவும் செய்யும். 2019-ல் வந்த 2.23-ல் அதை ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று பிரித்தார்கள்; பழைய கட்டளையையும் எடுக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் பிரிந்த இரண்டை மட்டும் கற்றால் போதும். ரீபேஸில் கமிட் தொலைந்துபோய்ப் பதறினால் ரீஃப்லாக் (கிட் வைத்திருக்கும் பழைய நிலைகளின் பதிவு) பாருங்கள், அனேகமாக அங்கே இருக்கும்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். கிட்ஹப்பை 2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. உங்கள் ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) முழு வரலாறும் உங்கள் வட்டிலேயே இருக்கிறது. வேறு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும்.

மற்றவர் எழுதிய லைப்ரரிகளை நம்பலாமா?

நம்பித்தான் ஆக வேண்டும், ஆனால் யாரை நம்புகிறோம் என்று தெரிந்து நம்ப வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து, களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாமல் தோண்டியதால் வெளிவந்தது. உள்ளே திறந்து பார்க்க முடிந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்திருந்த அந்தக் கள்ளக் கதவு டெபியன் ஸ்டேபிளுக்குள் வரவில்லை. புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்றாமல் பொறுத்திருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஏஐ எழுதித் தருகிறதே, இதெல்லாம் இன்னும் தேவையா?

முன்னைவிட அதிகம் தேவை. ஏஐ உதவியாளர்கள் நன்றாக எழுதுகின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பில் இருந்த முறையையும் புதியதில் இருப்பதையும் கலந்துவிடுகின்றன. இல்லாத பேக்கேஜின் பெயரையே சொல்வதும் உண்டு. அதே பெயரில் தீங்கான ஒன்றை ஏற்றிவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் வரிவரியாகப் படித்துப் புரிந்துகொண்டதை மட்டும் கமிட் செய்யுங்கள். மாணவர்களிடம் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: முதல் வருடம் கையால் எழுதுங்கள். தப்பைக் கண்டுபிடிக்கிற கண் அப்படி எழுதி எழுதித்தான் வரும்.

இன்று எழுதுவது பத்து வருடம் ஓட நான் என்ன செய்ய வேண்டும்?

தரவை முதலில் பாருங்கள், நிரல் அழிந்தாலும் தரவு மிஞ்ச வேண்டும். சிறிய, நடுத்தர வேலைகளுக்கு எஸ்க்யூலைட் டேட்டாபேஸைப் பயன்படுத்துங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் தொடங்கியது. அதன் கோப்பு வடிவம் 2004-லிருந்து மாறாமல் இருக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதாக அந்த அணி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பெரிதானால் போஸ்ட்கிரெஸ்.

வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பையும் லாக் (lock) கோப்பில் பூட்டி வையுங்கள், முடிந்தால் அவற்றின் பிரதியையே ரெப்போவுக்குள் வையுங்கள். பில்ட் செய்யும் கட்டளை யாருடைய நினைவிலும் இருக்கக் கூடாது. ஒரு மேக்ஃபைலில் இருக்கட்டும். மேக் (make) என்ற பில்ட் கருவி 1976-லிருந்து இருக்கிறது, டேப் எழுத்து பற்றிய அதன் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆவணங்களை வெறும் உரைக்கோப்பாக எழுதுங்கள்.

அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை எதுவுமே இல்லாத ஒரு புதிய கணினியில் ரெப்போவை மட்டும் இறக்கி, உங்கள் உதவி இல்லாமல் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தை அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.